எல்லாபிரகட சுப்பாராவ்

எல்லாபிரகட சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 – ஆகஸ்ட் 1948) சென்னையில் மருத்துவம் பயின்று, அமெரிக்காவில் ஆய்வு செய்த இந்திய உயிர்வேதியியலாளர் ஆவார். தசைகளின் ஆற்றலுக்கு அடிப்படையான பாஸ்போகிரியேட்டின், அடினோசின் டிரைபாஸ்பேட்டு (ஏ.டி.பி.) ஆகிய சேர்மங்களைக் கண்டறிந்ததில் இவருக்கு முதன்மையான பங்கு உண்டு. ஃபோலிக் அமிலத்தின் செயற்கைத் தயாரிப்பு, இரத்தப் புற்றுநோய்க்கு எதிராக முதன்முதலில் பயனளித்த அமினோப்டெரின், அதன் வழிவந்த மெத்தோட்ரெக்சேட்டு, யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசைன், டெட்ராசைக்கிளின் வகை உயிர் எதிரிகளுள் முதலாவதான ஆரியோமைசின் ஆகியவை இவரது தலைமையில் இயங்கிய ஆய்வகத்திலிருந்து வெளிவந்தவை. இவற்றுள் பல மருந்துகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. எனினும் அவற்றைப் பயன்படுத்துவோரில் மிகச் சிலரே இவரது பெயரை அறிவர்.

எல்லாபிரகட என்பது குடும்பப் பெயர்; தெலுங்கு வழக்கப்படி முதலில் வரும். அமெரிக்க ஆய்விதழ்களில் இவர் பெயர் பெரும்பாலும் 'சுப்பாராவ்' என்று மட்டுமே காணப்படும்.

இளமையும் சென்னை வாழ்க்கையும்

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் (இன்றைய ஆந்திரப் பிரதேசம்) சுப்பாராவ் பிறந்தார். தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் பணியாற்றியவர்; தாய் வெங்கம்மா. குடும்பத்தில் ஏழு குழந்தைகள். சுப்பாராவுக்குப் படிப்பில் தொடக்கத்தில் நாட்டம் இருக்கவில்லை. பதின்மூன்று வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பியவரைத் தாயார் திரும்ப அழைத்து வந்தார் என்பர். மெட்ரிகுலேசன் தேர்வில் இருமுறை தோல்வியுற்று, மூன்றாம் முறை சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேர்ச்சி பெற்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பில் பயின்றார்.

இக்காலத்தில் இராமகிருஷ்ண மடத்தின்பால் ஈர்க்கப்பட்டுத் துறவு மேற்கொள்ள விரும்பினார். தாயார் அதற்கு இசையவில்லை. மருத்துவம் பயின்றால் மடத்தின் மருத்துவத் தொண்டுக்காவது பயன்படலாம் என்ற எண்ணத்துடன் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919-இல் சேஷகிரியை மணந்தார். கல்விச் செலவில் ஒரு பகுதியை மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி ஏற்றுக்கொண்டார்.

மருத்துவக் கல்லூரியில் நடந்த ஒரு நிகழ்வு இவரது வாழ்க்கையின் திசையை மாற்றியது. காந்தியடிகள் அந்நியத் துணியைப் புறக்கணிக்கும்படி விடுத்த அழைப்பை ஏற்று, அறுவை மருத்துவ வகுப்புக்குக் கதர் உடை அணிந்து வந்தார். அறுவை மருத்துவப் பேராசிரியர் பிராட்ஃபீல்டு இதை விரும்பவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்கு எழுதியிருந்தும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் வழங்கப்படவில்லை, அதனினும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. சென்னை மருத்துவப் பணியில் சேர இவர் செய்த முயற்சியும் கைகூடவில்லை. எனவே டாக்டர் அச்சந்த லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராகச் சேர்ந்தார். (இந்த லட்சுமிபதி, வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற ருக்மணி லட்சுமிபதியின் கணவர் ஆவார். எழும்பூரில் ஒரு சாலை அவ்வம்மையாரின் பெயர் தாங்கியுள்ளது.)

இதற்கு முன்பே குடும்பத்தில் பேரிழப்பு நேர்ந்திருந்தது. சுப்பாராவின் உடன்பிறந்தோர் இருவர் ஸ்புரூ என்னும் நோயால் குறுகிய இடைவெளியில் இறந்தனர். வெப்ப மண்டல நாடுகளில் காணப்படும் இந்நோயில் சிறுகுடலின் உறிஞ்சும் திறன் குன்றுகிறது. கொழுப்பு செரிக்காத வயிற்றுப்போக்கு, உடல் மெலிவு, கடும் இரத்தசோகை ஆகியவை இதன் அறிகுறிகள். பிற்காலத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் வட ஆற்காட்டுச் சிற்றூர்களில் இந்நோய் கொள்ளைநோய் போலப் பரவியதை விரிவாக ஆராய்ந்துள்ளனர். சுப்பாராவின் காலத்தில் இதற்கு உரிய மருந்து இல்லை. பின்னர் சுப்பாராவையும் இதே நோய் தாக்கியது. லட்சுமிபதியின் ஆயுர்வேத மருத்துவத்தால் அவர் பிழைத்தார். இந்நோயின் காரணத்தை அறியும் வேட்கை அப்போது தோன்றியதாகக் கூறப்படுகிறது.

ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் பணியில் இந்தியா வந்திருந்த ஓர் அமெரிக்க மருத்துவரின் ஊக்கத்தால் அமெரிக்கா செல்ல முடிவு செய்தார். காக்கிநாடா சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் மாமனாரும் பொருளுதவி செய்தனர். மூன்றாண்டுகளில் திரும்பி வருவதாக மனைவியிடம் கூறிச் சென்றவர் பின்னர் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில்

1922 அக்டோபர் மாதம் சுப்பாராவ் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டு வெப்ப மண்டல மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. பேராசிரியர் ரிச்சர்டு ஸ்ட்ராங் தொடக்கச் செலவுக்குப் பணம் கொடுத்து உதவினார். எல்.எம்.எஸ். சான்றைக் கொண்டு மருத்துவராகப் பணியாற்ற இயலாததால், பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவுப் பணியாளராகச் சேர்ந்து, நோயாளிகளின் மலசலக் கலங்களைத் துப்புரவு செய்தார். பகலில் வகுப்பு, இரவில் இவ்வேலை என்று பட்டயப் படிப்பை முடித்தபின், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் ஆய்வு மாணவரானார்.

அத்துறையின் தலைவர் ஓட்டோ ஃபோலின், நிறமானி கொண்டு இரத்தத்தையும் சிறுநீரையும் பகுத்தாயும் முறைகளை உருவாக்கியவர். அத்துறையில் வெளிநாட்டு மாணவர் ஒருவர் ஏற்கெனவே பெயர் பதித்துச் சென்றிருந்தார். சீனாவின் ஃபூசௌ நகரில் 1893-இல் பிறந்த ஊ சியென், ஃபோலினிடம் பயின்று 1919-இல் முனைவர் பட்டம் பெற்றவர். சில துளி இரத்தத்திலிருந்து சர்க்கரை, யூரியா முதலியவற்றை அளக்க இருவரும் வகுத்த வழி 'ஃபோலின்–ஊ முறை' என்ற பெயரில் உலகெங்கும் மருத்துவமனைகளில் பல பத்தாண்டுகள் நிலைத்தது. ஊ 1920-இல் சீனா திரும்பி, பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் துறையை வளர்த்தார். புரதங்கள் வெப்பத்தால் தம் மடிப்பு அமைப்பை இழப்பதே அவற்றின் இயல்பிழப்புக்குக் காரணம் என்ற கோட்பாட்டை 1931-இல் விளக்கினார். ஊவுக்குப் பின் ஈராண்டு கழித்துப் பாஸ்டன் வந்த சுப்பாராவுக்கும் அதே ஆய்வகத்தில் ஒரு முறைக்குப் பெயர் சூட்டும் வாய்ப்பு அமைந்தது. ஊவுக்குத் திரும்பிச் சென்று தலைமையேற்க ஒரு துறை இருந்தது. சுப்பாராவை இந்தியாவில் எவரும் அவ்வாறு எதிர்நோக்கியிருக்கவில்லை.

ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை

துறைப் பேராசிரியர் சைரஸ் ஃபிஸ்கே, இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள பாஸ்பரசை அளக்க எளிய வழியொன்றைக் காணும் பணியைச் சுப்பாராவிடம் ஒப்படைத்தார். 1925-இல் வெளியான அம்முறையில், பாஸ்பேட்டுடன் அமிலத்தில் கரைந்த மாலிப்டேட்டு சேர்க்கப்படுகிறது. உருவாகும் பாஸ்போமாலிப்டிக் அமிலத்தை அமினோநாப்தால் சல்போனிக் அமிலம் ஒடுக்கும்போது நீல நிறம் தோன்றும். நீலத்தின் செறிவு பாஸ்பேட்டின் அளவைக் காட்டும். உயிர்வேதியியலில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளுள் இதுவும் ஒன்று. இந்தியக் கல்லூரிகளில் உயிர்வேதியியல் செய்முறை வகுப்புக்குச் செல்லும் மாணவர் பலர் இந்நீல நிறத்தைக் கண்டிருப்பர்.

பாஸ்போகிரியேட்டினும் ஏ.டி.பி.யும்

இம்முறையைத் தசைச் சாற்றில் பயன்படுத்தியபோது ஒரு முரண் புலப்பட்டது. நீல நிறம் உடனே முழுமையாகத் தோன்றாமல் சிறிது சிறிதாகச் செறிவுற்றது. பிழையென்று ஒதுக்கியிருக்கக்கூடிய இந்தத் தாமதத்திற்கு ஃபிஸ்கேயும் சுப்பாராவும் காரணம் தேடினர். அமிலத்தில் எளிதில் சிதையும் ஏதோவொரு பாஸ்பரஸ் சேர்மம் தசையில் இருந்து, சோதனைக் குழாயிலேயே மெல்ல உடைந்து பாஸ்பேட்டை விடுவிப்பதால்தான் நிறம் தாமதமாகிறது என்று உணர்ந்தனர். கிரியேட்டினும் பாஸ்பேட்டும் இணைந்த பாஸ்போகிரியேட்டின் இவ்வாறு 1927-இல் கண்டறியப்பட்டது. தசை சுருங்கும்போது இது குறைவதையும் ஓய்வில் மீண்டும் உருவாவதையும் அவர்கள் காட்டினர். இதே காலத்தில் இங்கிலாந்தில் எக்கிள்டன் இணையரும் இப்பொருளைத் தனியே இனங்கண்டனர்.

இதன் முக்கியத்துவத்தை உணர அன்றைய நிலையை அறிதல் வேண்டும். தசைச் சுருக்கத்திற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்ற கருத்து அப்போது வலுவாக நிலவியது. தசை ஆய்வுக்காக 1922-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்ற ஆர்ச்சிபால்டு ஹில்லும் ஓட்டோ மேயர்ஹோஃபும் அக்கருத்தை ஆதரித்தனர். பாஸ்போகிரியேட்டின் அதனை ஐயத்திற்கு உள்ளாக்கியது. லாக்டிக் அமிலம் உருவாகாமலேயே தசை சுருங்கும் என்று 1930-இல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்டு நிறுவியதும் பழைய கருத்து கைவிடப்பட்டது.

1929-இல் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தசையிலிருந்து ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டனர். ஜெர்மனியில் மேயர்ஹோஃபின் ஆய்வகத்தைச் சேர்ந்த கார்ல் லோமான் அதே ஆண்டில் சற்று முன்னதாக இதனை அறிவித்திருந்தார். இரு கண்டுபிடிப்புகளும் ஒன்றையொன்று சாராதவை. இப்பொருள் உயிரணுக்களின் ஆற்றல் பரிமாற்றத்தில் வகிக்கும் மைய இடத்தை 1941-இல் ஃபிரிட்ஸ் லிப்மான் தெளிவுபடுத்தினார்.

சுப்பாராவ் 1930-இல் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த பத்தாண்டுகளில் கல்லீரல் சாற்றின் பக்கம் திரும்பினார். கல்லீரலை உண்பது கொடிய இரத்தசோகையைக் குணப்படுத்தும் என்று மைனட்டும் மர்ஃபியும் 1926-இல் காட்டியிருந்தனர். அதிலுள்ள செயலாக்கப் பொருள் எது என்பதே கேள்வி. இத்தேடலின்போது எலிகளின் ஊட்டத்திற்குப் பேண்டோதெனிக் அமிலம் தேவை என்பதை ஜார்ஜ் ஹிட்சிங்சுடன் சேர்ந்து 1939-இல் வெளியிட்டார். சுப்பாராவ் பிரித்தெடுத்த நியூக்ளியோட்டைடுகள் சிலவற்றைப் பின்னாளில் பிறர் மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும், ஃபிஸ்கே பொறாமையால் அவற்றை வெளியிட விடவில்லை எனத் தோன்றுகிறது என்றும் ஹிட்சிங்ஸ் பிற்காலத்தில் கூறினார். இவர் 1988-இல் நோபல் பரிசு பெற்றவர். அதே துறையில் மாணவராக இருந்து நேரில் கண்டவர். ஆதலால் இக்கூற்றை எளிதில் புறந்தள்ள இயலாது.

ஹார்வர்டு சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி அளிக்கவில்லை. 1940-இல், அமெரிக்கன் சயனமிடு நிறுவனத்தின் கிளையாக நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவரில் இயங்கிய லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். விரைவில் அதன் ஆய்வுப் பிரிவின் இயக்குநரானார்.

லெடர்லே ஆண்டுகள்

ஃபோலிக் அமிலம்

இதன் முன்கதை இந்தியாவில் தொடங்குகிறது. பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிப் பெண்களிடம் காணப்பட்ட ஒருவகை இரத்தசோகையை இங்கிலாந்து மருத்துவர் லூசி வில்ஸ் 1928 முதல் ஆராய்ந்தார். 1929-இல் குன்னூரிலும் பின்னர் சென்னையிலும் அவரது பணி தொடர்ந்தது. ஈஸ்ட்டிலிருந்து தயாரித்த சாறு இந்நோயைக் குணப்படுத்துவதை 1931-இல் அறிவித்தார். அதிலிருந்த அறியப்படாத பொருள் 'வில்ஸ் காரணி' எனப்பட்டது. 1941-இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து ஒரு பொருளைச் செறிவாக்கி, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர்.

கீரையிலிருந்தோ கல்லீரலிலிருந்தோ மருந்துக்குப் போதிய அளவு எடுப்பது இயலாத செயல். சுப்பாராவின் குழு இதன் அமைப்பை அறிந்து வேதிமுறையில் தயாரிக்க முற்பட்டது; 1945-இல் வெற்றி கண்டது. அதை அறிவித்த கட்டுரையில் பதினாறு பேரின் பெயர்கள் உள்ளன. சுப்பாராவின் பெயர் முதலாவதாகவும் இல்லை, கடைசியாகவும் இல்லை. புதிய மருந்து உடனடியாக நோயாளிகளுக்குத் தரப்பட்டது. அதனால் குணமடைந்த நோய்களுள் ஸ்புரூவும் ஒன்று. சென்னையை விட்டு இவர் கிளம்பக் காரணமான நோய் அதுவே.

எனினும் சுப்பாராவ் தேடியது முழுமையாகக் கிட்டவில்லை. கொடிய இரத்தசோகையில் ஃபோலிக் அமிலம் இரத்தத்தை ஓரளவு சீர்செய்தாலும் நரம்புச் சிதைவைத் தடுப்பதில்லை. அந்நோய்க்கு உரிய வைட்டமின் பி12-ஐ 1948-இல் வேறு இரு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தனர்.

கருவின் தண்டுவடக் குறைபாடுகளைத் தடுக்கவும் ஃபோலிக் அமிலம் உதவுவது பின்னர் நிறுவப்பட்டது. சேலம் மாவட்டம் பனமரத்துப்பட்டி போன்ற ஊர்களின் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையிலும், பள்ளிகளில் வளரிளம் பருவத்தினருக்கு வாரந்தோறும் தரப்படும் நீல நிற மாத்திரையிலும் ஃபோலிக் அமிலம் சேர்ந்துள்ளது.

அமினோப்டெரினும் மெத்தோட்ரெக்சேட்டும்

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்குறியியலாளர் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலத்தை ஒத்த சேர்மங்களைப் புற்றுநோயாளிகளுக்கு அளித்து வந்தார். இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளில் அவை நோயை விரைவுபடுத்துவதாகத் தோன்றியது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் பொருள் நோயைத் தணிக்கலாமே என்று அவர் கருதினார். லெடர்லேயில் ஃபோலிக் அமிலத்தைத் தொகுக்கும் முயற்சியின் ஊடாக அதையொத்த பல எதிர்ப்பொருள்கள் ஏற்கெனவே உருவாகியிருந்தன. சிறிய வேதி மாற்றம் செய்தால், நொதி அதனை ஃபோலிக் அமிலம் என்றே ஏற்றுச் செயலிழந்துவிடும். விரைந்து பெருகும் உயிரணுக்கள் டி.என்.ஏ.வை ஆக்க முடியாமல் அழியும்.

இவ்வாறு அனுப்பப்பட்ட மருந்துகளுள் அமினோப்டெரினே பெரிதும் பயனளித்தது. 1948 ஜூன் மாதம் ஃபார்பர் குழுவினர் வெளியிட்ட கட்டுரையின்படி, மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேரிடம் நோய் தணிந்தது. தணிவு தற்காலிகமானதே, நோய் மீண்டும் வந்தது. ஆனால் அதுவரை சில வாரங்களில் உயிரைக் குடித்த நோய் மருந்துக்குப் பணியும் என்பது அன்றுதான் தெரிந்தது. அக்கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் சுப்பாராவின் பெயர் இல்லை.

அமினோப்டெரினைவிட நச்சுத்தன்மை குறைந்த மெத்தோட்ரெக்சேட்டு அதன் இடத்தைப் பிடித்தது. சீனாவில் பிறந்த மருத்துவர் மின் சியு லி, ராய் ஹெர்ட்சுடன் இணைந்து 1956-இல் இம்மருந்தால் கோரியோகார்சினோமா என்னும் சூல்கொடித் திசுப் புற்றுநோயைக் குணப்படுத்திக் காட்டினார். திடக் கட்டி ஒன்று மருந்தால் மட்டும் முற்றிலும் நீங்கியது அதுவே முதன்முறை. முடக்குவாதத்திற்கும் இன்று பரவலாகத் தரப்படுவது இதே மெத்தோட்ரெக்சேட்டு.

டைஎத்தில்கார்பமசைன்

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களை ஃபைலேரியா தொற்று பாதித்ததால் அதற்கான மருந்து தேடப்பட்டது. 1947-இல் லெடர்லே வெளியிட்ட டைஎத்தில்கார்பமசைன், 'ஹெட்ராசான்' என்ற வணிகப் பெயர் பெற்றது. இரத்தத்தில் உலவும் நுண்புழுக்களை இது விரைவில் நீக்குவதால், கொசு வழியாக நோய் பிறருக்குப் பரவுவது தடைபடும். ஏற்கெனவே வீங்கிப் பருத்த காலை இம்மருந்து பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. ஆகவே தொற்றுள்ள பகுதியில் நோயற்றவர்களும் இதை உட்கொள்ள வேண்டியுள்ளது. இந்தியாவில் 2004 முதல் ஆண்டுதோறும் வீடுவீடாக இம்மாத்திரைகள் வழங்கப்பட்டன. சீனாவில் இதனை உப்பில் கலந்து கொடுத்தும் நோயைக் கட்டுப்படுத்தினர். 2007-இல் அந்நாடு யானைக்கால் நோயை ஒழித்ததாக அறிவிக்கப்பட்டது.

ஆரியோமைசின்

ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் பெஞ்சமின் டக்கர், எழுபது வயதைக் கடந்த நிலையில் லெடர்லேயில் சேர்க்கப்பட்டார். பல இடங்களிலிருந்து வரவழைத்த மண் மாதிரிகளை ஆராய்ந்த அவர், மிசூரிப் பல்கலைக்கழகத்தின் வயல் மண்ணிலிருந்து பெற்ற பொன்னிற நுண்ணுயிரில் 1945-இல் ஆரியோமைசினைக் கண்டார். பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் தனித்தனியே தாக்கும் நுண்ணுயிர் வகைகள் பலவற்றை இது ஒன்றே தாக்கவல்லது. 1948 ஜூலையில் இது அறிவியலாளர் முன் வைக்கப்பட்டது. கண்டுபிடிப்பு டக்கருடையது, அத்தேடலை நடத்தியவர் சுப்பாராவ்.

தனி வாழ்க்கையும் மறைவும்

கணவர் அமெரிக்கா சென்றபின் சேஷகிரிக்குப் பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். சுப்பாராவ் அக்குழந்தையைக் கண்டதில்லை. மனைவியையும் மீண்டும் சந்திக்கவில்லை. ஆய்வு அடுத்தடுத்து நீண்டது என்பது ஒரு காரணம். ஆயினும் ஒரு மனிதரின் வெற்றிக்கு ஊரில் காத்திருந்தவர் கொடுத்த விலையையும் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்தல் தகும்.

1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத் சிங் திண்டு வழக்கில் அளித்த தீர்ப்பால் இந்தியர் அந்நாட்டுக் குடியுரிமை பெற இயலாது போயிற்று. 1946-இல் சட்டம் மாறியது. அதன்பின்னும் சுப்பாராவ் குடியுரிமை பெறவில்லை. இறக்கும்வரை அந்நிய நாட்டவராகவே வாழ்ந்தார். 1948 ஆகஸ்ட் மாதம், 53-ஆம் வயதில், உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். ஃபார்பரின் கட்டுரை வெளியாகி இரண்டு மாதங்களே ஆகியிருந்தன.

அறியப்படாமைக்கான காரணங்கள்

சுப்பாராவ் நோபல் பரிசு பெறாதது பற்றித் தமிழிலும் தெலுங்கிலும் உணர்ச்சி மிகுந்த கட்டுரைகள் பல வந்துள்ளன. நிறப் பாகுபாடு மட்டுமே காரணம் என்பது முழு விளக்கமாகாது. ஏ.டி.பி. கண்டுபிடிப்பில் லோமான் முந்தியிருந்தார். லெடர்லே பணிகள் பெரிய குழுக்களின் உழைப்பு. நிறுவனங்களில் காப்புரிமையும் கட்டுரையும் நேரடியாகச் செய்தவர் பெயரில் வரும். இயக்குநராகச் சுப்பாராவ் பல கட்டுரைகளில் தம் பெயரைச் சேர்க்காமல் விட்டார். நேர்காணல்களையும் மேடைகளையும் தவிர்த்தார். இறந்தோருக்கு நோபல் பரிசு வழங்கும் வழக்கமும் இல்லை. அதே வேளை, ஹார்வர்டில் அவருக்கு உரியது தரப்படவில்லை என்பதற்கு ஹிட்சிங்சின் சான்று உள்ளது.

நினைவு

லெடர்லேயில் இவருடன் தொடர்புடைய பூஞ்சை ஆய்வாளர் ஹெசல்டைன், 1953-இல் ஒரு புதிய பூஞ்சைப் பேரினத்திற்குச் 'சுப்பாரோமைசிஸ்' என்று பெயரிட்டார். இதழாளர் எஸ். பி. கே. குப்தா எழுதிய வாழ்க்கை வரலாறு 1987-இல் வெளிவந்தது. நூற்றாண்டையொட்டி 1995-இல் இந்திய அஞ்சல் துறை இவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது. சித்தார்த்த முகர்ஜி 2010-இல் வெளியிட்டு, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற புற்றுநோய் வரலாற்று நூலிலும் இவரது வாழ்க்கை இடம்பெற்றுள்ளது.